அரியராக நின்ற தாள்

திருநெல்வேலியில் பி.காம். இரண்டாம் ஆண்டு முடிந்ததும், 2004-ல், என் கல்லூரிப் படிப்பு நின்றுபோனது. அப்போது வணிகச் சட்டத் தாள் ஒன்று அரியராக இருந்தது. திருமணம், பெங்களூரு, அமெரிக்கா, மகளின் பிறப்பு, அவளுடைய பள்ளிக்கூடம் என்று ஆண்டுகள் ஓடியதில் அந்தத் தாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு மட்டும், எந்த விண்ணப்பத்திலாவது 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 2022 ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் மறுபடியும் படிக்கத் தொடங்கி, 2023 டிசம்பரில் வணிக நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றேன். மொத்தம் 16 மாதங்கள்.

பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் என்னை மகளைப் போல நடத்தும் ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "பதினாறு மாசத்துலயா? ரெகுலரா, கரஸ்பாண்டன்ஸா?" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நம் ஊரில் வரன் பார்க்கும்போதும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் கேட்கப்படும் கேள்விதான் அது. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் விளக்கினேன். அவருக்குப் புரியும்படி சொன்னேனா என்பது சந்தேகம்தான். என்னைப் போலப் பாதியில் படிப்பை விட்டவர்கள் இங்கே நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மறுபடியும் நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்கார வேண்டும், வீடு வாங்கச் சேர்த்த பணத்தை அதில் கொட்ட வேண்டும் என்று எண்ணியே அவர்களில் பலர் தொடங்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் போன வழியை உள்ளபடி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் என்பது ஆண்டுகளின் கணக்கு அல்ல, கிரெடிட்டுகளின் கணக்கு. வழக்கமாக 120 கிரெடிட் சேர்ந்தால் பட்டம். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் என்பது மரபு. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதற்காக 1905-ல் ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அந்தப் பணத்தைப் பெறும் தகுதி எந்தக் கல்லூரிக்கு உண்டு என்று முடிவு செய்ய, அவருடைய அறக்கட்டளைக்கு ஒரு பொது அளவு தேவைப்பட்டது. மாணவர் பள்ளியில் ஒரு பாடத்தை 120 மணி நேரம் படித்திருந்தால் அது ஒரு 'யூனிட்' என்று வைத்து, அந்தக் கணக்கின்படி மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளையே அது ஏற்றது. பள்ளிப் படிப்பை அளக்க வந்த மணிக்கணக்கு பின்னர் கல்லூரிக்குள்ளும் பரவிவிட்டது. ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க யாரும் உட்கார்ந்து வகுத்த கணக்கு அல்ல அது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் அது சொல்கிறது.

அப்படியானால், உட்காராமலே கற்றவரை என்ன செய்வது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி முதலில் பெரிய அளவில் எழுந்தது இரண்டாம் உலகப் போரில். ரேடியோ பழுதுபார்க்கவும் கணக்கு எழுதவும் மருத்துவ உதவி செய்யவும் படையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களை, கல்லூரியில் முதல் பாடத்திலிருந்து மறுபடியும் உட்கார வைப்பதில் பொருள் இல்லை. எனவே அமெரிக்கக் கல்வி மன்றம் அந்தப் பயிற்சிகளை ஆராய்ந்து, இதற்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. ஏ.சி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதே மன்றம் 1974 முதல் படைக்கு வெளியே நடக்கும் பயிற்சிகளையும் பாடங்களையும் அவ்வாறே மதிப்பிடுகிறது. இதற்கிடையில் 1967-ல், பொதுத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு 'க்ளெப்' தேர்வுகளைத் தொடங்கியது. எங்கே படித்தீர்கள், எத்தனை நாள் படித்தீர்கள் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. வந்து எழுதித் தேறினால் கிரெடிட்.

நம் வழக்கில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: தனித்தேர்வர். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவர்கள் எல்லோருடைய குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு 'லண்டன் வெளிவாரிப் பட்டம்' என்றால் உடனே புரியும். லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, எங்கே படித்தவரானாலும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, தன் மாணவர்களை லண்டன் தேர்வுகளுக்குத்தான் தயார் செய்தது. ஒரு தலைமுறையின் ஆசிரியர்களும் அதிகாரிகளும் அந்த வழியில் பட்டம் பெற்றவர்கள்; அவர்களிடம் போய் யாரும் 'ரெகுலரா' என்று கேட்டதில்லை.

அமெரிக்காவில் இதையே முழுப் பட்டமாக விரித்தவை 1970-களின் தொடக்கத்தில் வந்த மூன்று நிறுவனங்கள். நியூயார்க்கில் 1971-ல் தொடங்கி இப்போது எக்செல்சியர் என்ற பெயரில் இயங்குவது ஒன்று. 1972-ல் தொடங்கி, இப்போது நியூ ஜெர்சியின் தலைநகரான ட்ரென்டனில் இயங்கும் தாமஸ் எடிசன் அரசுப் பல்கலைக்கழகம் இன்னொன்று. கனெடிகட்டின் சார்ட்டர் ஓக் 1973-ல் வந்தது. வெவ்வேறு இடங்களில் பெற்ற கிரெடிட்டுகளை ஒன்றுசேர்த்து, குறைவதை மட்டும் படிக்கச் சொல்லி, பட்டம் வழங்குவதற்கென்றே உருவானவை இவை. 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-ல் உருவாக்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் வேறு வகை. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். தேர்ச்சியை நிரூபித்துவிட்டு எத்தனை பாடங்களை வேண்டுமானாலும் முடிக்கலாம். மெய்ன் மாநிலத்தின் வடபகுதியில் ப்ரெஸ்க் ஐல் என்ற சிற்றூரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் அதையே எட்டு வாரப் பருவங்களாக நடத்துகிறது.

நான் ட்ரென்டனைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் வாழும் எடிசன் ஊருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மனிதரின் பெயர். சில மாதங்களுக்கு மேல் பள்ளிக்குப் போகாத ஒருவரின் பெயரை ஒரு பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது எனக்குத் தெம்பாக இருந்தது. சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தேன். மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகில், கெல்சி என்ற செல்வந்தர் தன் மறைந்த மனைவியின் நினைவாக ஒரு தொழிற்கலைப் பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த கட்டடத்தில்தான் பல்கலைக்கழக அலுவலகம் இருக்கிறது. வகுப்பறைகளைத் தேடி வந்த மகள், "இங்க கிளாஸே இல்லையாம்மா?" என்றாள். வகுப்பு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது என்று சொன்னேன்.

ஆனால் நான் முதலில் அங்கே போகவில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில், க்ளெப் கிரெடிட்டுகளை எடுத்துக்கொள்வோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டினேன், இரண்டு தேர்வுகளும் எழுதித் தேறினேன். அதன் பிறகு அதே கல்லூரியில் வேறொருவர், இவை உங்கள் துறைக்குச் செல்லாது, விருப்பப் பாடமாக மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம் என்றார். முதலில் பேசியவர் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அன்று இரவு நான் அழுதேன். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், எந்தப் பாடம் உங்கள் பட்டத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பதை மின்னஞ்சலிலாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். ஏ.சி.இ. கொடுப்பது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு கல்லூரியின் உரிமை.

என் பழைய மதிப்பெண் பட்டியல்களை வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு ஆண்டு பி.காம். படிப்பு 47 கிரெடிட்டாகத் திரும்பி வந்தது. தேறாத சட்டத் தாள் அதில் இல்லை. நம் ஊரின் மூன்றாண்டுப் பட்டத்தை முழுமையாக முடித்தவர்களுக்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1977-ல் வந்த ஒரு குடியேற்றத் தீர்ப்பின் அடிப்படையில், மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்து அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று குடியேற்றத் துறை பொதுவாக ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த பி.எஸ்ஸி. கணிதப் பட்டதாரிகள் இருவர், இருபது ஆண்டு மென்பொருள் அனுபவத்தோடு, பச்சை அட்டை விண்ணப்பத்தில் இதனால் தடுமாறியிருக்கிறார்கள். அத்தகையவர்களுக்கு மீதமிருப்பது ஏறத்தாழ ஓராண்டுக்கான கிரெடிட்டுகள்தான். வேலை விசாவில் வந்தவரின் துணைவர் விசாவில் இருப்பவர்களும் தனி மாணவர் விசா இல்லாமலே படிக்கலாம். இது தெரியாமலே பல ஆண்டுகளை வீணாக்கியவள் நான்.

மீதி 73 கிரெடிட்டில் 24 க்ளெப் தேர்வுகளில் வந்தன, 36 இணையப் பாடங்களில் வந்தன, 13 மட்டும் பல்கலைக்கழகத்திலேயே படித்தவை. ஒரு க்ளெப் தேர்வுக்குக் கட்டணம் அப்போது ஏறத்தாழ 90 டாலர், தேர்வு மையத்தின் கட்டணம் தனி. 'மாடர்ன் ஸ்டேட்ஸ்' என்ற அறக்கட்டளையின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான சீட்டை அவர்களே தருகிறார்கள். நான் எழுதிய தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சீட்டைத்தான் பயன்படுத்தினேன். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 பெற்றால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது ஏ.சி.இ. பரிந்துரை. தவறினால் மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் எழுதலாம்.

நான் எழுதியவற்றில் முதலாவது வணிகச் சட்டம். வேண்டுமென்றே அதைத்தான் முதலில் வைத்தேன். திருநெல்வேலியில் அந்தப் பாடத்தை ஆங்கிலத்தில், பொருள் தெரியாமல், நோட்டில் இருந்ததை அப்படியே மனப்பாடம் செய்தவள் நான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் இரண்டாம் பிரிவு, 'கன்சிடரேஷன்' என்பதன் வரையறை எல்லாம் ஒரு பாட்டைப் போல இன்றும் வாயில் வரும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்கு அன்று தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அடுப்பில் சாம்பார் கொதிக்க, அமெரிக்கப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. ஒருவர் கொடுக்கும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் கொடுப்பது அல்லது விட்டுக்கொடுப்பது, அவ்வளவுதான். எங்கள் அப்பா மேலப்பாளையம் பக்கத்து மளிகைக் கடையில் நாள்தோறும் செய்துகொண்டிருந்தது அதுதான்.

இன்னொரு இடத்தில் பழைய படிப்பு காலை வாரிவிடப் பார்த்தது. மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-ல் மோஹோரி பீபி வழக்கில், அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன முடிவு. நம் ஊரில் பி.காம். படித்த எவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி இல்லை. அங்கே அந்த ஒப்பந்தம் செல்லும், ஆனால் மைனர் விரும்பினால் அதை ரத்து செய்துகொள்ளலாம். பயிற்சித் தேர்வில் மூன்று முறை தவறாக எழுதிய பிறகுதான் இந்த வேறுபாடு மனத்தில் நின்றது. குழந்தையைக் காப்பதுதான் இரண்டு சட்டங்களுக்கும் நோக்கம். ஒன்று ஒப்பந்தத்தையே இல்லை என்கிறது, மற்றது முடிவைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது. இதை யோசித்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வயதில் அந்தத் தாளில் தோற்றபோது எனக்குச் சட்டம் வராது என்று நம்பியிருந்தேன். ஆங்கிலம்தான் எனக்கு அன்று வரவில்லை.

தேர்வு மையம் ஒரு சமுதாயக் கல்லூரியின் மாடியில் இருந்தது. கைப்பேசி, கைக்கடிகாரம், பர்ஸ் எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவிட்டு, அடையாள அட்டையைக் காட்டினேன். கிறுக்கிப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு கணினி முன் உட்கார வைத்தார்கள். பக்கத்து இருக்கையில் சீருடை அணிந்த படைவீரர் ஒருவர் கால்குலஸ் எழுதிக்கொண்டிருந்தார். 90 நிமிடங்கள். முடித்ததும் உடனே மதிப்பெண் வருவதில்லை. இந்த மதிப்பெண்ணைப் பதிவு செய்யவா, பார்க்காமலே ரத்து செய்துவிடவா என்று திரை கேட்கும். பதிவு செய் என்பதை அழுத்துவதற்கு முன் என் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்கே தெரியாது. 62 என்று வந்தது. காரில் போய் உட்கார்ந்த பிறகும் சாவியைப் போடத் தோன்றவில்லை.

மற்ற ஆறு தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகவியலும் இரண்டு பொருளாதாரத் தாள்களும் கடையில் வளர்ந்தவளுக்குக் கடினமாக இல்லை. அமெரிக்க அரசாங்கமும் சமூகவியலும் புதிது. ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு மட்டும் 6 கிரெடிட். அதில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும், அவற்றை மனிதர்கள் திருத்துவதால் முடிவுக்குச் சில வாரம் காத்திருக்க வேண்டும்.

இணையப் பாடங்களைப் பற்றித்தான் மனசாட்சியோடு பேச வேண்டியிருக்கிறது. சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் போன்ற தளங்களில் மாதச் சந்தா கட்டிவிட்டு முடிந்த வேகத்தில் பாடங்களை முடிக்கலாம். அவற்றின் பாடங்களுக்கு ஏ.சி.இ. பரிந்துரை உண்டு. சில பாடங்களில் கேமரா முன் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். வேறு சிலவற்றில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வினாக்களுக்குப் பதில் சொல்லலாம். மாதச் சந்தா என்பதால் வேகமாக முடித்தால் செலவு குறையும். இந்தச் சபலத்துக்கு நானும் ஆளானேன். சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் ஒன்றை நான்கு நாட்களில், 92 சதவீதத்தோடு முடித்தேன். ஒரு மாதம் கழித்து மகள் வீட்டுப்பாடத்தோடு வந்து, நைட்ரஜன் சுழற்சி என்றால் என்னம்மா என்று கேட்டாள். நான்கு அம்புக்குறிகள் போட்ட ஒரு படம் நினைவில் இருந்தது. எந்த அம்பு எதிலிருந்து எதற்கு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பாடத்துக்கான 3 கிரெடிட் அதற்குள் பதிவாகியிருந்தது.

அன்று அவளோடு உட்கார்ந்து அவளுடைய பள்ளிப் புத்தகத்தையே படித்தேன். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன என்ற வரியை வாசித்ததும், தாமிரபரணிக் கரையில் தாத்தா நெல் அறுப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே ஈர வயலில் உளுந்தைத் தூவிக்கொண்டு நடந்தது கண்முன் வந்தது. "உளுந்து போட்டா மண்ணு தேறும்" என்பார். என்னிடம் ஏற்கெனவே இருந்த அறிவை அந்த நான்கு நாள் படிப்பு தொடக்கூட இல்லை. சட்டப் பாடத்தை நான் விரைவாக முடித்தது, இரண்டு ஆண்டுகள் அதோடு மல்லாடிய அடித்தளம் இருந்ததால். சுற்றுச்சூழல் பாடத்தை விரைவாக முடித்தது, அதைப் படிக்காததால். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அந்தப் பாடத்தை, கிரெடிட் கிடைத்த பிறகு, மறுபடியும் முதலிலிருந்து மூன்று வாரம் வாசித்தேன். அதற்கு எங்கும் பதிவு இல்லை.

பதினாறு மாதம் என்பது கேட்பதற்குத்தான் வேகம். காலை நான்கரை மணி முதல் ஏழு மணி வரையும், மகள் பள்ளிக்குச் சென்ற பின் மூன்று மணி நேரமும், பெரும்பாலான நாட்களில் நான் படித்தேன். கணவர் இரவுச் சமையலை எடுத்துக்கொண்டார். கையில் பழைய கிரெடிட்டும் வீட்டில் இந்த ஆதரவும் இல்லாதவருக்கு இதே வழி மூன்று ஆண்டுகள் ஆகலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்காளர் உரிமம் போன்ற தொழில் உரிமங்களுக்குப் பட்டம் மட்டும் போதாது. எந்தப் பாடத்தை எங்கே படித்தீர்கள் என்று மாநில வாரியங்கள் தனியாகப் பார்க்கும். அந்தக் கனவு உள்ளவர்கள் வாரியத்தின் விதியைப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் அவசரத்தில் ஒரு நிதிக் கணக்கியல் பாடத்தை முடித்துவிட்டேன், அது பி.காம். கணக்கியலோடு ஒன்று என்று கழித்துவிட்டார்கள். திட்டத்தை முழுமையாகத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே ஒரு டாலராவது கட்டுங்கள்.

பட்டமும் மதிப்பெண் பட்டியலும் தபாலில் வந்த அன்று அப்பாவை வீடியோவில் அழைத்தேன். பட்டத்தை அவர் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். "அந்தச் சட்டப் பேப்பரும் இதுக்குள்ள இருக்காம்மா?" என்று கேட்டார். பட்டியலில் அந்த வரியைத் தேடிக் கேமராவுக்கு அருகில் பிடித்தேன். தேர்வு வழியாக வந்த கிரெடிட் என்பதால் பாடத்தின் பெயரும் 3 என்ற எண்ணும் மட்டுமே இருந்தன. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மார்க்கு போடலையே?" என்றார். அறுபத்திரண்டுப்பா என்றேன். "பொறு, எழுதிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டி மேல் பேனாவைத் தேடினார்.